வடலூர் வள்ளலாரும் வாயில்லா உயிர்களும்

உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் அளவால் ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக வகுத்து, அவற்றுள் எதனையும் வருத்தலாகாது என்று விதித்தது நம் சமண அறம். பவணந்தி முனிவர் இலக்கணம் கூற எழுந்த நன்னூலிலும் இவ்வகுப்பை வைத்துச் சென்றார். அதனைப் பல்லாண்டுகள் வகுப்பறையிற் கற்பித்தவள் நான். ஆகலின், நம் சமயத்திற் பிறவாத ஒருவர் இவ்வறத்தைத் தம் வாழ்நாளெல்லாம் ஏந்தி நின்றார் என்பதும், அவர் நம் புழலுக்கு அண்மையிலேயே வளர்ந்தவர் என்பதும் நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சி தருவன. திருவருட்பிரகாச வள்ளலார் என்று நாடு போற்றும் இராமலிங்க அடிகளாரே அவர். அவரது வரலாற்றை, ஏனைய உயிர்களோடு அவர் கொண்டிருந்த உறவு என்னும் ஒரு நோக்கில் மட்டும் இங்கே வரைகின்றேன். அற்புதச் செய்திகளை விரும்பும் அன்பர்கள் வேறு நூல்களிற் காண்க.

சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள மருதூரில் 1823 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5 ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக அடிகளார் தோன்றினார். தந்தையார் கிராமக் கணக்கர். சிறார்க்கு எழுத்தறிவிக்கும் பணியும் செய்தவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புவதற்குள் அவர் காலமாகிவிடவே, தாயார் மக்களை அழைத்துக்கொண்டு தாம் பிறந்த ஊரான, பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்திற்கு வந்து சேர்ந்தார். சின்னாட்களில் அங்கிருந்தும் புறப்பட்டுச் சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். பொன்னேரியிலிருந்து பட்டணம் செல்லும் வடபெருவழி நம் புழல் வழியாகவே செல்வது. கைக்குழந்தையோடு அவ்வம்மையார் எவ்வழியே சென்றாரோ, யார் அறிவார்! ஆயினும் அவ்வழியை நோக்குங்கால் அந்நினைவு எழாமற் போவதில்லை.

அக்காலத்து உலகநிலையையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. அடிகளார் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1822 இல், ரிச்சர்டு மார்ட்டின் என்பாரின் முயற்சியால், மாடு குதிரை ஆடு முதலியவற்றைக் கொடுமையாக நடத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. 1824 இல் இலண்டன் காப்பிக்கடை ஒன்றிற் கூடிய சிலர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். மேலைநாடு இந்நெறியில் முதலடி எடுத்துவைத்த நாளில், நம் நாட்டில் அவ்வடியை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் ஊர்தோறும் சிறுதெய்வக் கோயில்களில் ஆடும் கோழியும் எருமைக்கடாவும் பலியாகிக்கொண்டேயிருந்தன. பெருமை பேசும்போது இதனையும் மறத்தலாகாது.

தமையனார் சபாபதிப் பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். தம்பியைப் புலவராக்க விரும்பி, தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பிள்ளையோ பாடஞ் சொல்லும் இடத்திற் காணப்படாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிற் காணப்பட்டது. பள்ளியில் முறையாகக் கல்லாமலே கவி பாடத் தொடங்கிய இச்சிறுவரைத் திருத்த முயன்ற ஆசிரியர் தாமே அம்முயற்சியைக் கைவிட்டார் என்பர். ஆசிரியத் தொழிலில் இருந்தோர்க்கு இச்செய்தி சிறிது நாணந் தருவதேயாயினும் சொல்லாமல் விடற்பாலதன்று.

வாலிபப் பருவம் தொடங்கிப் பல ஆண்டுகள் அடிகளார் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க்குச் சென்று வழிபடுதலை வழக்கமாகக் கொண்டிருந்தார். கடலோரமாக இராயபுரத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் அவ்வழி இன்று துறைமுகச் சரக்கு வண்டிகளாலும் ஆலைகளாலும் நிறைந்திருக்கின்றது. அந்நாளில் அது மணலும் தோப்பும் மீனவர் குப்பங்களும் நிறைந்த கரையாக இருந்தது. கரையில் உலரும் வலைகள், வலையிலிருந்து கொட்டப்பட்டுத் துடிக்கும் மீன்கள், தூண்டில்கள் ஆகியவை அவ்வழியே நடப்பவர் கண்ணிற் படாமற் போயிருக்க முடியாது.

பிற்காலத்தில் அவர் பாடிய பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நீண்ட பதிகத்தில் இத்தகைய காட்சிகள் தம்மை என்ன செய்தன என்பதை இறைவனிடம் முறையிடுகின்றார். பிற உயிரைக் கொல்லத் தொடங்குவோரைக் கண்டபோதும், கொலையுண்ணும் உயிர் பதைப்பதைக் கண்டபோதும் தம் உடலும் உள்ளமும் நடுங்கியதைச் சொல்கின்றார். வலையையும் தூண்டிலையும் கண்ணியையும் கண்ட அளவிலேயே, அவற்றில் உயிர் ஒன்றும் அகப்பட்டிராதபோதும், இனி அகப்படப்போவதை எண்ணி அஞ்சியதாகக் கூறுகின்றார். ஆடு, பன்றி, கோழி, கடா முதலியவற்றை அழகு செய்து சிறுதெய்வக் கோயிலுக்குப் பலியிட ஓட்டிச் செல்லும் ஊர்வலத்தைக் கண்டு மனம் நொந்ததைக் கூறுகின்றார். நீரின்றி வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாக அவர் பாடியது எல்லோரும் அறிந்ததே. அதனோடு இவற்றையும் சேர்த்துப் படித்தாலன்றி அவரது கருணையின் பரப்பு விளங்காது.

இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டுகின்றேன். வலையைக் கண்டு நடுங்கியவர் வலைஞரை வெறுத்துப் பேசவில்லை. இக்கடற்கரைப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றியோர்க்கு இதன் அருமை நன்கு தெரியும். மீன்பிடி குடும்பத்துக் குழந்தைகள் காலையில் தந்தை கரை திரும்பினாரா என்னும் கவலையோடு வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். அக்குழந்தையின் தலையைத் தடவிக்கொடுக்கும் கைக்கு, அதன் வீட்டு அடுப்பில் என்ன வேகின்றது என்னும் கேள்வி எழுவதில்லை. ஆயினும் கொல்லாமை நோன்பினர்க்கு அக்கேள்வி முற்றிலும் மறைந்தும் போவதில்லை. அடிகளார் இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கியது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

1850 ஆம் ஆண்டளவில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையார் மகள் தனக்கோடியை மணந்தார், இல்லறத்தில் ஈடுபடவில்லை. 1854 இல் அவர் எழுதிய மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் அச்சாயிற்று. திருவாரூரில் அரசு வீற்றிருந்த மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் இருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்து முறையிட்டது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலிலிட்டு முறைசெய்தான். பெரியபுராணத்தின் வாயிலாகத் தமிழர் அறிந்த இவ்வரலாறே அந்நூலின் பொருள். இலங்கையை ஆண்ட எல்லாள மன்னனைப் பற்றி மகாவம்சமும் இவ்வாறே கூறுகின்றது. தன்னை எதிர்த்த மரபினரது நூலிலேயே அத்தமிழ் மன்னன் நீதிமானாக விளங்குகின்றான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையைக் கண்டிருப்பீர்கள். ஒரு விலங்கு வழக்காடும் உரிமை பெற்று, மனிதனுக்கு நிகராக நின்று வென்ற கதை இது.

அக்கதையை விரித்தெழுதிய அடிகளார் தாமே சேர்த்த பகுதி ஒன்று உண்டு. இத்துயரம் தனக்கு வர என்ன பாவம் செய்தேனோ என்று அரசன் தன்னைத் தானே வினவிக்கொள்வதாக ஒரு நெடும் பட்டியலை அமைத்தார். நல்லோரை வருத்தியது, நட்பிற் பிரிவு செய்தது, கூலியைக் குறைத்தது, பசித்தோரைப் பாராதிருந்தது என்று மனிதர்க்கு மனிதர் செய்யும் தீமைகளின் இடையே, பறவையைக் கூண்டில் அடைத்துப் பதைக்கவிட்டதும், ஊனுண்டு உடலை வளர்த்ததும், நிழல் தரும் மரத்தை வெட்டியதும், கன்றுக்குப் பால் விடாமல் கட்டிவைத்ததும் சமமாக வைத்து எண்ணப்படுகின்றன.

கன்றைப் பற்றிய அவ்வொன்று நம்மவர் சிந்தனைக்கு உரியது. ஊனைத் தொடாத நம் இல்லங்களில் பாலும் தயிரும் நெய்யும் தடையின்றிப் புழங்குகின்றன. உறையிலிட்டு வாயிலில் வைக்கப்படும் பாலைக் கறந்த பசுவின் கன்று என்னாயிற்று என்று நாம் கேட்பது இல்லை. கறவை நின்ற பசு சென்னைத் தெருக்களில் குப்பைத்தொட்டியை நாடி நெகிழிப் பையைத் தின்று திரிவதை நாள்தோறும் காண்கின்றோம். 1854 இல் எழுதப்பட்ட அப்பட்டியல் ஊனுண்பாரை மட்டும் நோக்கியதன்று என்பதே என் கருத்து.

1858 இல் சென்னையை விட்டுத் தென்திசை சென்ற அடிகளார் வடலூரை அடுத்த கருங்குழியில் அன்பர் ஒருவர் இல்லத்தில் பல்லாண்டு தங்கினார். 1865 இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தால் வாடியிருந்தன. அன்று மூட்டிய அடுப்பின் கனல் அணையாமற் காக்கப்பட்டு இன்றளவும் சோறு வெந்துகொண்டிருக்கின்றது. சாதி, சமயம், தேசம், ஒழுக்கம் என்னும் எதனையும் வினவாமல் பசித்து வந்தவர் எவராயினும் உணவளிப்பதே அச்சாலையின் விதி.

அவர் இயற்றிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலின் உயிர்நாடியும் பசியே. எல்லா உயிரும் இறைவனால் படைக்கப்பட்டு ஓருரிமை உடையனவாதலால் தம்முள் சகோதரம் உடையன என்பதும், உடன்பிறந்தார் துன்பங் கண்டு உள்ளம் உருகுதல் இயல்பு என்பதும், பிற உயிரின் துன்பங் கண்டு உருகாதவர்க்கு அவ்வுரிமையைக் காட்டும் அறிவுக்கண் மங்கியிருக்கின்றது என்பதும் அவர் வாதம். விலங்கு, பறவை, தாவரம் ஆகியவற்றின் பசியும் நீக்கத் தக்கதே என்கிறார். ஓருயிரைக் கொன்று மற்றோருயிரின் பசியை ஆற்றுதல் கருணை ஆகாது என்று உறுதிபடக் கூறுகின்றார்.

இயல்பாகவே ஒரு தடை எழும். நெல்லும் கீரையும் உயிரல்லவோ, அவற்றை உண்பது எவ்வாறு தகும் என்பது அது. ஊனுண்போர் நம்மிடமும் இதே வினாவை எழுப்புவர். அடிகளார் அதற்கு விடை கூறுமுன், தாவரம் தொடுவுணர்ச்சி ஒன்றேயுடைய ஓரறிவுயிர் என்பதை ஒப்புக்கொள்கின்றார். பிறகு, முதலை அழிக்காமல் அது தரும் விதை, காய், கனி, பூ, கிழங்கு, தழை முதலியவற்றை மட்டும் கொள்ளுதல், உடலிலிருந்து நகமும் மயிரும் களைவதைப் போன்றது என்றும், விதை நிலத்தில் ஊன்றப்படும் வரை சடமே என்றும் அமைதி கூறுகின்றார். நம் ஆகமங்கள் இவ்விடத்தில் அவரோடு முற்றும் ஒத்துவரா. முளைக்கும் ஆற்றலுள்ள வித்தை உயிருள்ளதாகவே நாம் கொள்கின்றோம்; கிழங்குகளை விலக்குகின்றோம். கருத்து வேறுபடினும், வினாவினின்று ஒதுங்காமல் எதிர்நின்று விடைகண்ட அவரது நேர்மையைப் பாராட்டாமலிருக்க இயலவில்லை.

மற்றொரு வேறுபாட்டையும் மறைத்தல் முறையன்று. அடிகளார் இளமையிற் சைவப் பற்று மிக்கவர். திருஞானசம்பந்தரைத் தம் வழிபடு குருவாகக் கொண்டவர். சம்பந்தர் பதிகங்களில் சமணரைப் பற்றி வரும் கடுமொழிகளை நம் முன்னோர் எத்துணை வேதனையோடு கேட்டிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனால் நம்மவருள் சிலர் அருட்பாவையே கையில் எடுப்பதில்லை. ஆனால் அவரது வாழ்க்கை தொடங்கிய இடத்திலேயே முடியவில்லை. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி அவர் ஆற்றிய பேருபதேசத்தில், சமயங்களின்மேல் வைத்த பற்றை விடவேண்டும் என்றும், தமக்கு முன்னிருந்த சைவப் பற்று மிகப் பெரிதாயிருந்து பின்னர் நீங்கியது என்றும் வெளிப்படையாகவே கூறினார். ஐம்பதாம் வயதில், தம்மைப் பின்பற்றும் பெருங்கூட்டத்தின் முன்னிலையில், இதனைச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

இனி, முன்னர் நிறுத்திய வினாவுக்கு வருவோம். 1872 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபையில் முதல் ஜோதி வழிபாடு நடைபெற்றது. பார்வதிபுரத்து மக்கள் தந்த நிலத்தில் அமைந்த அச்சபையின் வாயிலில், கொலையையும் புலால் உண்பதையும் தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும் என்ற அறிவிப்பு உண்டு. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது தருமச்சாலை. அதன் வாயிலில் அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. ஒரே ஊரில், ஒரே பெரியவர் அமைத்த இரண்டு வாயில்கள் இவை.

அவர் மனிதரை அக இனத்தார் என்றும் புற இனத்தார் என்றும் பகுத்தார். பிறப்பாலோ, மொழியாலோ, சமயச் சின்னத்தாலோ பகுத்தாரல்லர். கொல்லாமையும் புலால் மறுத்தலும் உடையோர் அகத்தார், அல்லாதோர் புறத்தார் என்பதே அவர் கொண்ட அளவு. புறத்தாரோடு அறிவுரிமையையும் வழிபாட்டு உரிமையையும் பகிரவில்லை. ஆனால் பசி என்று வந்தால் அவர்க்கும் உணவளிக்க வேண்டும் என்பதைத் தெளிவாக விதித்தார். ஊன் சமைக்காத அச்சாலையில் மீனவர் ஒருவர் வயிறார உண்ணும் வேளையில், அவ்வொரு வேளைக்கேனும் ஒரு மீனும் சாவதில்லை. கருணை இருபுறமும் செல்லும் வழி இது.

நம் அன்பர்கள் சிலர், ஊனுண்பார்க்குச் சோறிட்டால் அதனாற் பெறும் உடல்வலிமை மீண்டும் கொலைக்கே பயன்படும் அன்றோ என்று ஐயுறக் கேட்டிருக்கின்றேன். வேறு சிலரோ பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவர். வாயிலில் நிற்கும் பிச்சைக்காரரை விரட்டுவர். ஆகாரதானம், அபயதானம், ஔஷததானம், சாஸ்திரதானம் என நான்கைக் கூறும் நம் நூல்கள், ஒன்றைச் செய்தால் மற்றொன்றை விடலாம் என்று சொல்லவில்லை. வடலூரின் இரு வாயில்களில் ஒன்றை ஆகாரதானத்திற்கும் மற்றொன்றை அபயதானத்திற்கும் உரியதாக நான் எண்ணிக்கொள்வதுண்டு. இது என் சொந்தக் கருத்தே. சன்மார்க்கத்தார் வேறு விளக்கம் கூறலாம்.

1874 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் இரவு அடிகளார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறையினுட் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்பர். அதுபற்றி அன்றுமுதல் இன்றுவரை பலர் பலவாறு எழுதியுள்ளனர்.

அவருக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1950 இல் இயற்றப்பட்டது. நெடுநாள் ஏட்டளவில் உறங்கிக் கிடந்த அதனை 2003 இல் கண்டிப்பாகச் செயற்படுத்த அரசு முனைந்தது. கிராமத்து மக்களிடையே எதிர்ப்பு மிகவே, 2004 இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பலியை நிறுத்தினால் ஊருக்குக் கேடு வரும் என்று அஞ்சுவோரின் அச்சத்தை ஆணையினால் நீக்க முடியவில்லை. அடிகளாரும் பலியைக் கண்டு துடித்தவரே. அவர் அதிகாரத்தை நாடாமல் பாட்டையும் அடுப்பையும் நாடினார். அவ்வழி மெல்லச் செல்வது. எனினும், வடலூர்க்குச் சென்று திரும்பி ஊன் உண்பதை விட்ட குடும்பங்கள் தமிழகத்தில் எத்துணையோ உள.

அரசும் அவரை மறக்கவில்லை. அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிப்பதென 2021 இல் அறிவிக்கப்பட்டது. ஆதரவற்றும் காயமுற்றும் திரியும் விலங்குகளைப் பேணும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ, வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்னும் பெயரில் ஒரு திட்டம் 2022-23 நிதிநிலை அறிக்கையில் 20 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு இடம்பெற்றது. அயனாவரத்தில் 1906 முதல் பசுக்களைக் காத்துவரும் பிஞ்சராபோலை நம்மவர் நன்கறிவர்.

மகாவீரர் ஜயந்தியன்றும் வள்ளலார் நினைவு நாளாகிய தைப்பூசத்தன்றும் இறைச்சிக் கூடங்களும் இறைச்சிக் கடைகளும் மூடப்படவேண்டும் என்று சென்னை மாநகராட்சி அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். 2011 இல் புழலும் மாநகராட்சியோடு இணைந்துவிட்டபடியால் அவ்விரு நாட்களிலும் அவ்வறிவிப்பு நம் கடைத்தெருவுக்கும் உரியதாகின்றது.